‘முதலில் கட்டு, பிறகு வாங்கிக்கொள்’: வெளிமாநிலம் போகும் நம் பிள்ளைகளைக் கடனில் தள்ளுவது யார்?

17,500 ரூபாய். 2024 ஜூன் 24 மாலை 5 மணிக்குள் இந்தத் தொகையைக் கட்ட முடியாததால், தன்பாத் ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் இடம் பெற்ற அதுல் குமார் என்ற தலித் மாணவர் அந்த இடத்தை இழந்தார். உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த தினக்கூலித் தொழிலாளியின் மகன் அவர். ஊரார் கைகொடுத்துப் பணம் சேர்ந்தபோது கெடு முடியச் சில நிமிடங்களே இருந்தன. விவரங்களைப் பதிவேற்றிக்கொண்டிருக்கும்போதே இணையவாசல் மூடிக்கொண்டது. தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையம், ஜார்க்கண்ட் சட்டப்பணிகள் ஆணையம், சென்னை உயர் நீதிமன்றம் என்று அந்தக் குடும்பம் அலைந்தது. கடைசியில் செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் அரசியலமைப்பின் 142ஆவது பிரிவு தரும் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி அவரைச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 2021 நவம்பரில், மும்பை ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தும் குறித்த நேரத்தில் கட்டணம் கட்ட முடியாமல் போன இன்னொரு தலித் மாணவருக்கும் இதே பிரிவின் கீழ்தான் இடம் மீட்கப்பட்டது.

செய்தித்தாள்கள் இதை மகிழ்ச்சியான முடிவாக எழுதின. எனக்கு அதில் மகிழ ஒன்றும் தெரியவில்லை. நாட்டின் உச்ச நீதிமன்றம் தன் உச்சபட்ச அதிகாரத்தை எடுத்தால்தான் ஒரு சேரிப் பிள்ளைக்கு 17,500 ரூபாய்க் கதவு திறக்கும் என்றால், டெல்லி வரை போக முடியாத பிள்ளைகளின் கதவுகள் என்னவாயின? அவர்களுக்காக யாரும் வழக்குப் போடவில்லை. அவர்கள் ஊரிலேயே ஏதோ ஒரு கல்லூரியில் சேர்ந்தார்கள், அல்லது திருப்பூருக்கு வேலைக்குப் போனார்கள், அல்லது கடன் வாங்கிக் கட்டினார்கள்.

இந்தக் கட்டுரை அந்தக் கடைசிப் பிரிவினரைப் பற்றியது. இடஒதுக்கீடு இடத்தைத் தருகிறது. உதவித்தொகை கட்டணத்தைத் தருகிறது. இரண்டுக்கும் நடுவே பல மாதங்கள் இருக்கின்றன. அந்த மாதங்களை யார் தாங்குவது என்ற கேள்விக்கு அரசு சொல்லாமல் சொல்லும் பதில்: ‘உன் அம்மா தாங்கட்டும்.’

எங்கள் ஊர்க் கணக்கு

நான் கடலூரை அடுத்த திருவந்திபுரத்துக் காலனியில் பிறந்தவன். ஊருக்குள் தேவநாதசாமி கோயில், எதிரே மலைமேல் கல்விக்கு அதிபதி என்று சொல்லப்படும் ஹயக்ரீவர். தேர்வு நேரத்தில் எங்கெங்கிருந்தோ மாணவர்களும் பெற்றோரும் அந்த மலை ஏறுகிறார்கள். முகூர்த்த நாளில் ஊர் முழுக்கக் கல்யாணம். மண்டபங்களில் எச்சில் இலை எடுப்பதும் பாத்திரம் கழுவுவதும் எங்கள் காலனிப் பெண்களின் வேலை. என் அம்மா அந்த வேலைதான் செய்தார். அப்பாவுக்குக் கட்டட வேலை.

பல்கலைக்கழகங்களில் சேர்க்கைக் கட்டணம் கட்டச் சொல்லும் காலம் எது? ஜூலை, ஆகஸ்ட். எங்களுக்கு அது ஆடி மாதம். ஆடியில் முகூர்த்தம் இல்லை, கல்யாணம் இல்லை, கழுவப் பாத்திரமும் இல்லை. ஆண்டிலேயே எங்கள் வீட்டில் காசே புழங்காத மாதத்தில்தான் ‘ஐந்து வேலை நாட்களுக்குள் செலுத்தவும்’ என்று மின்னஞ்சல் வரும்.

2014இல் வேறொரு மாநிலத்திலுள்ள மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் எனக்கு முதுகலை இடம் கிடைத்தது. அதன் பெயர் இங்கே தேவையில்லை, எல்லா இடத்திலும் நடைமுறை ஒன்றுதான். சேர்க்கைக் கட்டணம், காப்புத்தொகை, விடுதி முன்பணம், சாப்பாட்டு முன்பணம் எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய். அம்மா மூன்று வட்டிக்கு வாங்கினார். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் ஆண்டுக்கு 36 விழுக்காடு. கடன் கொடுத்தவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “புள்ள படிப்புக்குன்னு கேக்குற, இல்லன்னு சொல்ல முடியுமா? ஆனா வட்டி வட்டிதான்.”

முதலாண்டுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 14 மாதம் கழித்து வந்தது. மாதம் 540 ரூபாய் வட்டி, 14 மாதத்துக்கு 7,560 ரூபாய். அன்றைக்கு விடுதியில் தங்கி முதுகலை படிக்கும் மாணவருக்கு அந்தத் திட்டத்தில் பராமரிப்புப் படி மாதம் 820 ரூபாய். நான் சாப்பிடவும் புத்தகம் வாங்கவும் இந்திய அரசு கொடுத்த 820 ரூபாயில் 540 ரூபாய் எங்கள் ஊர் வட்டிக்காரருக்குப் போனது. மீதி 280 ரூபாயில் நான் மாதத்தை ஓட்டியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வீடு தொகை மாறும், வட்டி மாறும், கணக்கின் வடிவம் மாறாது. அரசு தாமதமாகத் தரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் சேரி வட்டி கட்டுகிறது. அந்த வட்டியைத் திருப்பித் தரும் அரசாணை எதுவும் கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது?

‘அரசிடம் பணம் இல்லை, பாவம், தாமதமாகிறது’ என்று பேசுகிறவர்கள் கொஞ்சம் வரலாற்றைப் பார்க்க வேண்டும். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த தர்மமல்ல. அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாக சபையில் உறுப்பினராக இருந்த காலத்தில், 1944இல் தொடங்கிய திட்டம் அது. இந்த நாட்டின் விடுதலையைவிட மூத்தது.

2021இல் திருத்தப்பட்ட அதன் வழிகாட்டு நெறிமுறைகள் சொல்வதைக் கவனியுங்கள். ஒன்று, மாணவர் எந்த மாநிலத்தில் படித்தாலும் அவருடைய சொந்த மாநில அரசுதான் உதவித்தொகை வழங்க வேண்டும். இரண்டு, தகுதியுள்ள மாணவருக்கு மாநில அரசு ‘ஃப்ரீஷிப் கார்டு’ தரலாம். அதைக் காட்டினால் கல்விக் கட்டணமோ விடுதிக் கட்டணமோ முன்கூட்டிக் கட்டாமல் சேரலாம். உதவித்தொகை வந்ததும் கட்டினால் போதும். மூன்று, மொத்தச் செலவில் மத்திய அரசு 60 விழுக்காடு, மாநிலம் 40 விழுக்காடு. மாநிலம் தன் பங்கைச் செலுத்திய பிறகு மத்தியப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேராக வரும்.

அதாவது ‘முதலில் கட்டு’ என்று நம்மிடம் சொல்வதற்கு இந்தத் திட்டத்தில் இடமே இல்லை. கட்டாமல் சேர வழி எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் வெளிமாநிலத்தில் சேர்க்கைக்குப் போகும் எத்தனை பிள்ளைகளின் கையில் அந்த அட்டை இருக்கிறது? அட்டையைக் காட்டினால் மதிக்க வேண்டும் என்று எத்தனை நிறுவனங்களின் சேர்க்கை அறிவிப்பில் எழுதியிருக்கிறது?

தமிழ்நாட்டுக்குள் படிக்கும்போது கொஞ்சமாவது பிடிமானம் உண்டு. 2012ஆம் ஆண்டின் அரசாணை 92ஐக் காட்டி, ‘எங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது’ என்று சுயநிதிக் கல்லூரி வாசலில் உட்காரலாம். அப்படி உட்கார்ந்த போராட்டங்கள் பல. மாநில எல்லையைத் தாண்டினால், கேட்கும் நிறுவனம் ஓர் அரசின் கீழ், கொடுக்க வேண்டிய துறை இன்னோர் அரசின் கீழ். அவர்கள் ‘உங்கள் ஊரில் கேள்’ என்பார்கள், இவர்கள் ‘அங்கேயிருந்து கடிதம் வாங்கி வா’ என்பார்கள். என் விண்ணப்பத்தில் ஒரு முத்திரை குறைகிறது என்பதற்காக இரண்டு நாள் ரயிலில் வந்து ஓர் அலுவலகத்தின் மரபெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். போக வரச் செலவு அந்த மாதப் படியைவிட அதிகம்.

தொகையாவது போதுமா? 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை இந்தத் திட்டத்துக்கு ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய், அதில் தன் பங்கு 35,534 கோடி என்று அறிவித்துப் பெருமை பேசியது. அந்தப் பெரிய எண்ணைத் தனி ஆளுக்கு இறக்கிப் பாருங்கள். பி.ஏ., எம்.ஏ. படித்துக்கொண்டு விடுதியில் தங்கும் மாணவருக்கு இப்போது ஆண்டுக்கு 6,000 ரூபாய். மாதம் 500. நான் வாங்கியது 820. இத்தனை ஆண்டு விலைவாசி உயர்வுக்குப் பிறகு நம் தம்பி தங்கைகளின் சாப்பாட்டுக் காசு குறைந்திருக்கிறது.

வருமான வரம்பு இதைவிடக் கொடுமை. குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் பட்டியல் சாதி மாணவருக்கு இந்த உதவித்தொகை இல்லை. 2019இல் 103ஆவது திருத்தம் கொண்டுவந்து உயர்சாதி ஏழைகளைத் தேடிக் கண்டுபிடித்தார்களே, அவர்களுக்கு வரம்பு எட்டு லட்சம்! மாதம் 60,000 சம்பாதிக்கும் அக்கிரகாரம் ஏழை. மாதம் 21,000 சம்பாதிக்கும் சேரி வசதியானது. மதம் மாறிய தலித் கிறித்தவர்களோ 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் மத்திய நிறுவனங்களில் பட்டியல் சாதியாகவே எண்ணப்படுவதில்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளை எல்லை தாண்டும்போது இந்தக் குறைந்தபட்சமும் கூட வராது.

எல்லை எங்கே இருக்கிறது?

கடலூர்க்காரர்களுக்கு ‘வெளிமாநிலம்’ என்பது தூரதேசமல்ல. தென்பெண்ணைப் பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் புதுச்சேரி எல்லை. உடம்பு சரியில்லை என்றால் ஜிப்மருக்குப் போகிறோம். அங்கே காலாப்பட்டில் 1985இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பேருந்தில் போய்ச் சேரும் தூரம்தான். அங்கே படிக்கும் நம் பிள்ளையும் உதவித்தொகைக் கணக்கில் ‘பிற மாநிலத்தில் பயில்பவர்’. அந்தப் பல்கலைக்கழகத்தில் 2020 பிப்ரவரியில் மாணவர்கள் கட்டண உயர்வை எதிர்த்துப் போராட்டத்தில் உட்கார்ந்ததை நாம் மறந்துவிடக் கூடாது.

எல்லை என்பதன் இன்னொரு பொருளை உச்ச நீதிமன்றம் 1990இல் மாரி சந்திரசேகர ராவ் வழக்கில் எழுதியது. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக இருப்பவர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்தத் தகுதியைக் கோர முடியாது. ஆகவே நம் மாணவர் கர்நாடகத்தின் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனால் பொதுப்பிரிவு, பொதுப்பிரிவுக் கட்டணம். வாடகைக்கு வீடு கேட்டால் மட்டும் சாதி எந்த எல்லையிலும் நிற்காமல் கூடவே வந்துவிடும். சாதிக்குத் தேசிய அனுமதிச் சீட்டு, சலுகைக்கு மாநில அனுமதிச் சீட்டு!

கடன் என்ற நல்லுபதேசம்

‘வங்கியில் கல்விக் கடன் கிடைக்கிறதே, படித்து முடித்து அடைத்துவிடலாமே, அது முதலீடுதானே’ என்று உபதேசம் செய்ய நிறையப் பேர் வருகிறார்கள். விதிப்படி நான்கு லட்சம் வரை சொந்தப் பங்கு கேட்கக் கூடாது. ஏழரை லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது. வங்கி வாசலில் என்ன நடக்கிறது என்பது காலனிக்காரர்களுக்குத் தெரியும். ‘அப்பா என்ன வேலை? சம்பளச் சீட்டு உண்டா? நிலம் உண்டா?’

நிலமா? 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையின் தொடர்ச்சியாக ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர் என்கிறார்கள். அது இன்று யார் கையில் இருக்கிறது? நிலத்தைப் பிடுங்கிக்கொண்ட சமூகம், நம் பிள்ளை படிக்கப் போகும்போது ‘ஈடு வைக்க நிலம் உண்டா’ என்று கேட்கிறது.

வட்டி மானியமாவது உண்டா என்றால், மத்திய அரசு 2009இல் கொண்டுவந்த வட்டி மானியத் திட்டம் தொழில்முறை, தொழில்நுட்பப் படிப்புகளுக்கு மட்டும். வரலாறு படிக்கிற, தத்துவம் படிக்கிற, இலக்கியம் படிக்கிற சேரிப் பிள்ளைக்கு அது இல்லை. வரலாறும் தத்துவமும் யாருடைய பரம்பரைச் சொத்து என்று ஆள்பவர்கள் நினைக்கிறார்கள் என்பது இதிலேயே தெரியவில்லையா?

கடன் எடுத்தவரின் வாழ்க்கையைக் கடன்தான் தீர்மானிக்கிறது. எம்.ஏ. முடித்ததும் ஆய்வுக்குப் போக வேண்டியவர் தவணைக்குப் பயந்து கிடைத்த வேலைக்குப் போகிறார். 2016இல் மதுரையில் ஒரு பொறியியல் பட்டதாரி கல்விக் கடன் வசூல் நெருக்கடியில் உயிரிழந்ததைத் தமிழ்நாடு பார்த்தது. அரசு வங்கியின் கடனைத் தனியார் வசூல் நிறுவனத்துக்குக் கைமாற்றியிருந்தார்கள். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் 2008இல் நாம் இழந்த செந்தில்குமார், சேலம் மாவட்டத்தில் பன்றி வளர்க்கும் குடும்பத்திலிருந்து இயற்பியல் ஆய்வுக்குப் போனவர். அதே வளாகத்தில் 2016 ஜனவரி 17 அன்று இழந்த ரோகித் வெமுலாவுக்கு ஏழு மாத உதவித்தொகை, 1,75,000 ரூபாய், பாக்கி இருந்தது. தன் கடைசிக் கடிதத்தில்கூட நண்பருக்குத் திருப்பித் தர வேண்டிய தொகையை அவர் எழுதிவைத்தார். இந்த மரணங்களுக்குக் காரணம் பணம் மட்டும் என்று நான் சொல்லவில்லை. சாதி அவர்களைத் துரத்தியது. துரத்தும்போது காலில் கட்டியிருந்த கல்லின் பெயர் வராத உதவித்தொகை.

அண்ணலைக் காட்டி ‘அவரே கடன் வாங்கிப் படித்தார்’ என்பார்கள். 1913இல் பரோடா மன்னர் மாதம் பதினொன்றரை பவுன் வீதம் மூன்றாண்டு உதவித்தொகை கொடுத்துத்தான் அவர் கொலம்பியா போனார். அதற்கு ஈடாக பரோடா அரசில் பத்தாண்டு வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். பரோடாவில் வேலைக்குப் போனால் தங்க இடம் தராமல் விரட்டினார்கள். மூன்றாண்டு கழித்து சம்பளத்தில் சேமித்ததோடு நண்பரிடம் கடனும் வாங்கித்தான் மறுபடி லண்டன் போனார். இந்த அனுபவம் பட்டவர் தன் கையில் அதிகாரம் வந்ததும் என்ன செய்தார்? ‘நான் பட்டேன், நீயும் படு’ என்றாரா? அரசின் பணத்தில் நம் பிள்ளைகள் படிக்க வழி செய்தார்.

‘இங்கேயே படித்தால் என்ன?’

இப்படிக் கேட்பவர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பாஸ்டனுக்கும் பெர்லினுக்கும் அனுப்பியவர்கள். மத்தியப் பல்கலைக்கழகங்கள் எல்லா மக்களின் வரிப்பணத்தில் நடப்பவை. அங்கே 15 விழுக்காடு பட்டியல் சாதியினருக்கு, 7.5 விழுக்காடு பழங்குடியினருக்கு என்பது அனைத்திந்திய உரிமை. அந்த இடத்தை நாம் எடுக்காவிட்டால் ‘தகுதியான ஆள் கிடைக்கவில்லை’ என்று எழுதி அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

வெளியே போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் ஊரில் என் பெயருக்கு முன்பே என் தெரு தெரியும். வெளியே சாதி இல்லை என்று சொல்ல நான் முட்டாளல்ல. ஆனால் பல மாநிலத்துத் தலித் மாணவர்கள் ஒரே வளாகத்தில் சந்திப்பதால் பிறக்கும் அமைப்பும் அரசியலும் ஊருக்குள் உட்கார்ந்திருந்தால் பிறக்காது. அம்பேத்கர் மாணவர் சங்கங்களைக் கண்டு ஏன் அவ்வளவு பயப்படுகிறார்கள் என்று யோசியுங்கள்.

தமிழ்நாடு அரசிடமும் ஒரு கேள்வி. ஆதிதிராவிட, பழங்குடி மாணவர் வெளிநாடு போனால் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தில் 36 லட்சம் வரை தருகிறீர்கள், வரவேற்கிறோம். பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் ஐ.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகங்களில் படித்தால் ஆண்டுக்கு இரண்டு லட்சம் வரை தருகிறீர்கள்; அதுவும் நியாயம். 2022 நிதிநிலை அறிக்கையில், அரசுப் பள்ளியில் படித்து ஐ.ஐ.டி., எய்ம்ஸ் போன்றவற்றில் சேருவோரின் இளநிலைச் செலவை ஏற்பதாக அறிவித்தீர்கள், நல்லது. ஆனால் இவையெல்லாம் சேர்ந்த பிறகு விண்ணப்பித்து வாங்கும் பணம். சேருவதற்கு முந்தைய அந்த ஐந்து நாளுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?

உதவித்தொகை இருந்தும் முன்பணம் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் சாட்சி. உதவித்தொகைக்குத் தகுதியுள்ள மாணவர்களிடமே விடுதி, உணவுக் கட்டணத்தை முன்கூட்டிக் கேட்டதை எதிர்த்து 2018 பிப்ரவரியில் மும்பை, ஹைதராபாத், குவாஹாத்தி, துல்ஜாபூர் வளாகங்களில் மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

நம் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். இடம் கிடைத்த பிள்ளைக்கு நாம் ஃப்ளெக்ஸ் வைக்கிறோம், மாலை போடுகிறோம். கட்டணக் கெடு வரும்போது அந்தப் பிள்ளையை வீடியோவில் நிறுத்தி ‘உதவுங்கள்’ என்று கையேந்த வைக்கிறோம். ஆபத்துக்குப் பாவமில்லை, அன்றைக்குக் கட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் அரசு தர வேண்டிய பணத்தைத் தர்மவான்களிடம் கேட்கும் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியவரைக் கேட்காமல் விடுகிறோம். உரிமைக்கு இருக்கும் திமிர் தர்மத்துக்கு வராது. ‘நான் கொடுத்த காசில் படித்தவன்’ என்ற பேச்சை அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்கக் கேட்க வேண்டியிருக்கும்.

கடனில் விழாமல் போக

போராட்டம் வெல்லும் வரை ஜூலை காத்திருக்காது. ஆகவே அனுபவத்தில் தெரிந்த சிலவற்றைச் சொல்கிறேன்.

முதல் தேர்வு மத்திய நிறுவனங்களாக இருக்கட்டும். ஐ.ஐ.டி.களில் 2016இல் ஆண்டுக் கல்விக் கட்டணத்தை 90,000த்திலிருந்து இரண்டு லட்சமாக்கியபோதும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு அது முழு விலக்கு. என்.ஐ.டி.களிலும் அப்படியே. விடுதி, உணவு மட்டும் நம் பொறுப்பு. மத்தியப் பல்கலைக்கழகங்களில் கலை, அறிவியல் கட்டணம் ஒப்பீட்டளவில் குறைவு. பல தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் வரும். கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். தனியார் நிறுவனத்தில் நிர்வாக ஒதுக்கீட்டு இடம் வேண்டவே வேண்டாம், அதற்குப் போஸ்ட் மெட்ரிக் கிடையாது.

சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு எல்லாம் ஏப்ரலிலேயே கையில் இருக்க வேண்டும். சேர்க்கை அன்றே கட்டண விவரத்தை முத்திரையோடு வாங்குங்கள். உதவித்தொகையில் திருப்பித் தருவது திரும்பப் பெற முடியாத கட்டாயக் கட்டணங்களை மட்டும். காப்புத்தொகை அதில் வராது. கட்ட முடியவில்லை என்றால் வாய்ப்பேச்சு வேண்டாம். ‘நான் போஸ்ட் மெட்ரிக் தகுதியுள்ளவர், உதவித்தொகை வந்ததும் கட்டுகிறேன், அவகாசம் தருக’ என்று நெறிமுறையைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அந்த வளாகத்து பட்டியல் சாதி, பழங்குடி பிரிவுக்கும் அம்பேத்கர் மாணவர் அமைப்புக்கும் போவதற்கு முன்பே தகவல் சொல்லுங்கள்.

கைபேசிச் செயலிக் கடனும் குழுக்கடனும் படிப்புக்குக் கூடவே கூடாது. வாரத் தவணை மாதக்கணக்கில் தாமதமாகும் உதவித்தொகைக்குக் காத்திருக்காது. தவிர்க்கவே முடியாவிட்டால் வித்யாலட்சுமி இணையவாசல் வழியாக அரசு வங்கியில், நான்கு லட்சத்துக்குள், தேவையான அளவு மட்டும். வங்கி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

நாம் கேட்க வேண்டியது

தோழர்களே, கட்டணம் இயற்கை விதியல்ல. பக்கத்தில் சிதம்பரத்தைப் பாருங்கள். அரசு எடுத்துக்கொண்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்கும் மேல். மாணவர்கள் 2020 டிசம்பரில் தொடங்கி ஐம்பது நாட்களுக்கு மேல் உட்கார்ந்தார்கள். விடுதியை மூடினார்கள், சாப்பாட்டை நிறுத்தினார்கள், அவர்கள் எழவில்லை. கட்டணம் 13,610 ரூபாய்க்கு இறங்கியது. அதே சிதம்பரத்தில்தான் 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கி, நம் பிள்ளைகள் தங்கிப் படிக்க இடம் உண்டாக்கினார். படிப்புக்கு முதல் தேவை தங்க இடமும் ஒருவேளைச் சோறும் என்று நூறாண்டுக்கு முன்பே தெரிந்தவர் அவர்.

ஆகவே கேட்போம். வெளிமாநில நிறுவனத்தில் இடம் பெறும் ஒவ்வொரு பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கும் சேர்க்கைக்கு முன்பே ஃப்ரீஷிப் அட்டையைத் தமிழ்நாடு அரசு தர வேண்டும். மத்திய நிறுவனங்கள் அந்த அட்டையை ஏற்று, இட உறுதிக் கட்டணம் உட்பட எதுவும் வாங்காமல் சேர்க்க வேண்டும் என்று யு.ஜி.சி.யும் கல்வி அமைச்சகமும் ஆணையிட வேண்டும். காப்புத்தொகை, விடுதி முன்பணம், பயணச் செலவுக்கு ஆதிதிராவிடர் நலத்துறையில் ஒரு முன்பண நிதி வேண்டும். உதவித்தொகை வரும்போது அரசே அதைக் கழித்துக்கொள்ளட்டும். உதவித்தொகை தாமதமானால் அரசு வட்டி கட்ட வேண்டும். வரி கட்டத் தாமதித்தால் எங்களிடம் வட்டி வாங்குகிறீர்கள் அல்லவா? வருமான வரம்பு எட்டு லட்சமாக வேண்டும். பராமரிப்புப் படி ஒரு மாத விடுதிச் சாப்பாட்டுக்காவது போதுமானதாக வேண்டும். வெளிமாநிலத்தில் படிப்போருக்குத் தனி அதிகாரியும், தமிழும் ஆங்கிலமும் பேசும் தொலைபேசி எண்ணும் வேண்டும்.

இதில் எதுவும் புதிய சலுகை அல்ல. ஏற்கெனவே எழுதிவைத்த உரிமையைக் கெடு தேதிக்கு முன்னால் கொண்டுவந்து கொடு என்கிறோம், அவ்வளவுதான். அடுத்த ஆடி மாதத்துக்குள் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆதிதிராவிடர் நல அலுவலக வாசலில் இந்தக் கோரிக்கையோடு மாணவர்களும் பெற்றோரும் அமைப்புகளும் நிற்க வேண்டும். மண்டபத்தில் பாத்திரம் கழுவும் பெண்கள் வட்டி கட்டித்தான் இந்த நாட்டின் பல்கலைக்கழகங்களில் சமூகநீதி நடக்கிறது என்றால், அந்தக் கணக்கை அவர்கள் பெயரிலேயே அரசின் முன் வைப்போம்.